வைப்ரஃபோன் கற்க: நாலு மேலட்டா, முதலில் பெடலா? (பெங்களூரு)

அல்சூர்வாசி

வணக்கம். ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு சாமான்களைக் கழித்தபோது பழைய வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டுவிட்டேன். மூன்று ஆக்டேவ், 37 பட்டை, அமெரிக்க மாடல். பட்டைகள் நன்றாக இருக்கின்றன. மோட்டார் ஓடவில்லை, பெடலை மிதித்தால் முனகுகிறது. சின்ன வயதில் மிருதங்கம் படித்தேன், கீபோர்டில் கார்டு பிடிக்கத் தெரியும், ஜாஸ் வாசிக்க வேண்டும் என்று ஆசை.

பெங்களூரில் கிட்டார், டிரம்ஸ், பியானோவுக்குத் தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. இதற்கு மட்டும் யாரைக் கேட்டாலும் "சைலஃபோனா?" என்கிறார்கள். வீடியோக்களில் பார்த்தால் எல்லாரும் கைக்கு இரண்டு கோல் பிடித்து வாசிக்கிறார்கள். நானும் நாலு மேலட்டிலேயே (தட்டும் கோல்) ஆரம்பித்துவிடலாமா? மோட்டாரைச் சரிபண்ணாமல் வாசிக்க முடியுமா?

பிரம்புக்கோல்

வாங்க. நாலு மேலட் இப்போதைக்கு வேண்டாம், இரண்டு போதும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கே நிறைய பேர் இதை மாற்றிச் சொல்வார்கள்.

இந்த வாத்தியத்தில் தட்டுவது சுலபம், தட்டியதை நிறுத்துவதுதான் வித்தை. மரிம்பாவும் சைலஃபோனும் மரப்பட்டை, தட்டியதும் தானே அடங்கிவிடும். இது அலுமினியம், கீழ் ஸ்தாயியில் ஒரு தட்டு தட்டினால் பல நொடி நிற்கும். 1920-களில் லீடி கம்பெனி கொண்டுவந்த முதல் மாடல்களில் பெடலே கிடையாது. டீகன் கம்பெனி 1927-இல் கொண்டுவந்ததில்தான் அலுமினியப் பட்டையும் பெடலும் சேர்ந்து வந்தன. ஜாஸ்காரர்கள் இதைக் கையில் எடுத்தது அதற்கு அப்புறம்தான், வைப்ரஃபோன்காரர் லயனல் ஹாம்ப்டன் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு பதிவு செய்தது 1930-இல்.

பெடல் மேலே இருக்கும்போது ஃபெல்ட் ஒட்டிய ஒரு நீளக் கட்டை இரண்டு வரிசைப் பட்டைகளையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருக்கும், மிதித்தால் எல்லாம் ஒரேயடியாக விடுபடும். பியானோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலியை நிறுத்தத் தனி டாம்பர் இருக்கிறது, விரலை எடுத்தால் அந்தச் சுரம் மட்டும் நிற்கும். இங்கே அந்த வசதி இல்லை, எல்லாம் ஒலிக்கும் அல்லது எல்லாம் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் பெடலை மிதித்தபடியே வாசிப்பார்கள், ஆரத்தி நேரத்துக் கோயில் மணி மாதிரி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். கேட்க அழகாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. அந்த அழகில் மயங்கி வருஷக்கணக்கில் அப்படியே வாசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் பயிற்சி இது. பெடலை மிதித்தே வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் சி-யைத் தட்டுங்கள், அடுத்து இடது கையால் டி. இடது கோல் டி-யில் விழும் அதே கணத்தில் வலது கோலின் தலை சி பட்டையின் மேல் போய் உட்கார வேண்டும். தட்டக்கூடாது, வைத்து லேசாக அமுக்க வேண்டும். தட்டிவிட்டால் 'டொக்' என்று கேட்கும், தாமதித்தால் சி-யும் டி-யும் ஒன்றோடொன்று உரசும். இப்படியே ஸ்கேல் முழுக்க ஏறி இறங்குங்கள். மெதுவாக, மெட்ரோனோம் 50-இல். சலிப்பாகத்தான் இருக்கும்.

இது கொஞ்சம் கைக்கு வந்ததும் பெடலுக்குப் போங்கள். சுரம் விழுந்த பிறகு மிதிப்பது, அடுத்த சுரம் விழும்போது விடுவது, பாதி மிதித்து ஒலியைச் சீக்கிரம் தேய விடுவது. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மட்டும் மிதியுங்கள், காலை முழுதாகத் தூக்கினால் வேகம் வராது.

மோட்டார் இல்லாமல் தாராளமாக வாசிக்கலாம். நாலு கோல் வாசிப்புக்குப் பேர்போன கேரி பர்டன் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் வாசித்தார், இன்று பாதிப் பேர் அப்படித்தான். ஒன்று மட்டும் பாருங்கள். பட்டைகளுக்கு அடியிலுள்ள குழாய்களின் வாயில் மோட்டார் சுழற்றும் வட்டத் தகடுகள் செங்குத்தாக, அதாவது வாய் திறந்தபடி நிற்கின்றனவா? படுத்திருந்தால் குழாய் மூடிக்கொண்டு ஒலி செத்துப்போகும். அச்சைக் கையால் திருப்பி நிமிர்த்திவிட்டால் போதும்.

நாலுகோல்

பிரம்புக்கோல் அண்ணா சொன்ன டாம்பிங் (கோலால் அமுக்கி ஒலியை நிறுத்தும்) பயிற்சியில் எனக்குச் சண்டை இல்லை. "இப்போதைக்கு இரண்டு போதும்" என்பதில்தான் சண்டை. அந்த "இப்போதைக்கு" முடிவதே இல்லை. இரண்டு கோலில் கொஞ்சம் வேகம் வந்தவர்கள் நாலுக்கு மாறும்போது திரும்ப எல்கேஜியில் உட்கார வேண்டியிருக்கும், அந்த அவமானம் தாங்காமல் விட்டுவிடுவார்கள்.

கேரி பர்டன் பெயரில் வழங்கும் நாலு கோல் பிடியில் வெளிக்கோல் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் போகும், இரண்டு கோலும் உள்ளங்கையில் குறுக்காக ஒன்றையொன்று தாண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உட்கோலைத் தள்ளி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும். மூன்றாம் சுரத்திலிருந்து ஐந்தாம் சுரத்துக்குக் கோல்களை விரிப்பதே முதலில் முழு விரலுக்கும் வேலை. தோல் பழக வேண்டும், சுண்டுவிரல் பலம் பெற வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும் என்றால் அந்த மாதங்களை இன்றே தொடங்குவதில் என்ன நஷ்டம்? நாலைப் பிடித்துக்கொண்டே இரண்டால் மட்டும் ஸ்கேல் வாசியுங்கள், அண்ணா சொன்ன அமுக்கும் பயிற்சியையும் செய்யுங்கள், மற்ற இரண்டும் சும்மா இருக்கட்டும்.

இன்னொன்று, பர்டன் ஏன் நாலு கோலுக்குப் போனார் என்று யோசியுங்கள். 1943-இல் பிறந்தவர், இண்டியானாவின் சின்ன ஊர்களில் வளர்ந்தவர். கூட வாசிக்க ஆளில்லை, தனியாக வாசித்தால் வெறுமையாக இருந்தது, கார்டுகளைத் தானே நிரப்பினார். பெங்களூரில் நம் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதானே? ஞாயிறு காலை சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டி எந்த பேஸ்காரர் உங்கள் வீட்டுக்கு வருவார்?

பிரம்புக்கோல்

சில்க் போர்டு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பெரிய வைப்ரஃபோன்காரர் மில்ட் ஜாக்சன் பெரும்பாலும் இரண்டு கோலிலேயே வாழ்க்கையை ஓட்டினார், அவர் வாசித்த மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டில் பியானோ கூடவே இருந்தது. அவர் சோலோவில் ஒரு சுரம் எங்கே முடிகிறது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஒரு பாடகர் மூச்சு விடும் இடத்தில் வாக்கியம் நிற்கும். நாலு கோல் பிடித்த புதியவர் கார்டுகளை அடுக்கிக்கொண்டே போவார், நிறுத்தவே தோன்றாது. என் கவலை அவ்வளவுதான்.

ஃப்ரேசர்டவுன் பியானோ

வைப்ரஃபோன் வாசிப்பதில்லை, பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் ஒரு பையன் வீட்டில் இது இருக்கிறது, அவனுக்காக உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன், தம்பிக்கு உதவலாம்.

ஜாஸில் இரண்டு-ஐந்து-ஒன்று என்ற கார்டு வரிசைதான் எங்கும் வரும். சி மேஜரில் என்றால் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. பியானோவில் இடது கைக்கு மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் மட்டும் கொடுப்போம்: எஃப்-சி, அப்புறம் எஃப்-பி, அப்புறம் ஈ-பி. இதை அப்படியே வைப்ரஃபோனின் அடியில் வைத்தால் மூன்றாவது கார்டில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் வாத்தியத்தின் கடைசிச் சுரமே நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்தான், அதற்குக் கீழே ஈ கிடையாது.

புரட்டிப் போடுங்கள். சி கீழே, எஃப் மேலே. அடுத்த கார்டுக்கு சி மட்டும் அரைச் சுரம் இறங்கி பி ஆகும், எஃப் அப்படியே. அடுத்ததற்கு எஃப் மட்டும் அரைச் சுரம் இறங்கி ஈ ஆகும், பி அப்படியே. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கோல்தான் நகர்கிறது, அதுவும் பக்கத்துப் பட்டைக்கு. பெடலை மாற்றாமல் நகர்கிற சுரத்தை மட்டும் கோலால் அமுக்கிவிட்டுப் புதியதைத் தட்டினால் மற்றச் சுரம் தொடர்ந்து ஒலிக்கும். பிரம்புக்கோல் சார் சொல்கிற டாம்பிங்கும் நாலுகோல் சொல்கிற பிடியும் இந்த இடத்தில் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன, எனக்கு உங்கள் சண்டை புரியவில்லை. எஃப் மேஜர், பி ஃப்ளாட் மேஜர் என்று மற்றவற்றுக்கும் போங்கள், எங்கே புரட்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

தகதிமி

அல்சூர்வாசி, மிருதங்கம் தெரியும் என்றீர்கள், அது பெரிய சொத்து. ஸ்விங் என்று இவர்கள் சொல்வதை, அதாவது பீட்டை நீளமும் குட்டையுமாகப் பிரிப்பதை, திஸ்ரத்தில் பிடித்துவிடலாம். ஒரு பீட்டுக்கு த-கி-ட சொல்லுங்கள், கி-யை வாய்க்குள் விழுங்கிவிட்டு த-வும் ட-வும் மட்டும் தட்டுங்கள். சுரமும் சிரமமில்லை, ஜாஸ்காரர்கள் சொல்லும் ஸ்கேல்கள் நம் ராகங்கள்தான்: கல்யாணிதான் லிடியன், ஹரிகாம்போஜிதான் மிக்ஸோலிடியன், கரஹரப்ரியாதான் டோரியன். பாதி ஜாஸ் நம் வீட்டிலேயே இருக்கிறது. இதே பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்காரர்கள் சார்லி மாரியானோவின் சாக்ஸபோனோடு சேர்ந்து 1983-இல் இசிஎம் என்ற ரெக்கார்டு கம்பெனியில் ரெக்கார்டே போட்டார்கள், ராமமணி அம்மா பாடியது. கேட்டிருக்கிறீர்களா?

பிரம்புக்கோல்

அந்த ரெக்கார்டு பிரமாதம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தகதிமி, "பாதி ஜாஸ் நம் வீட்டில்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரஹரப்ரியா தெரிந்தவருக்கு டோரியனின் ஏழு சுரம் தெரியும், சரி. டி மைனர் 7 இரண்டு பீட்டுக்கு வந்து போய் ஜி 7 வரும்போது எந்தச் சுரத்தில் கால் வைப்பது என்பதை அது சொல்லாது. நம் பழக்கம் ஒரு ஆதார ஸட்ஜத்தின்மேல் நின்று ஆலாபனை செய்வது. ஜாஸில் தரையே இரண்டு பீட்டுக்கு ஒருமுறை நகர்கிறது. மேடம் சொன்ன மூன்றாம், ஏழாம் சுரப் பாதையைக் காதில் ஏற்றினால்தான் சோலோவில் கார்டு மாறுவது கேட்கிறவருக்குத் தெரியும்.

த-கி-ட விஷயமும் மெதுவான, நடுத்தர வேகத்துக்குத்தான் பொருந்தும். வேகம் கூடக்கூட ஸ்விங் சமமாகிக்கொண்டே போகும், நிமிடத்துக்கு 240 பீட்டில் யாரும் திஸ்ரம் வாசிப்பதில்லை. அங்கேயும் த-கி-ட போட்டால் கட்டை வண்டி சத்தம்தான் வரும்.

தகதிமி

வண்டி ஓடினால் சரி, அண்ணா. வேகமான பாட்டுக்கு வருவதற்குள் அவருக்கே தெரிந்துவிடும். ஆரம்பிக்கிறவருக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா? எஃப் ப்ளூஸை 12 பாரும் கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் பாடச் சொல்லுங்கள், மேலட்டைத் தொடாமல். எங்கே பி ஃப்ளாட் 7 வருகிறது, எங்கே சி 7 வருகிறது என்று தாளத்தில் உட்கார்ந்துவிடும். அதை ஜதி சொல்லிப் பழகியவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் செய்வார் என்பதுதான் என் கட்சி.

பிரம்புக்கோல்

இதை ஏற்கிறேன். மில்ட் ஜாக்சனின் எஃப் ப்ளூஸ் சோலோ ஒன்றை எடுத்து, முதலில் பாடி, அப்புறம் பட்டையில் தேடுங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள்.

எஸ்பிரோடுவாசி

ராகம் தாளம் எல்லாம் பேசியாச்சு, மோட்டாரை யாரும் கவனிக்கவில்லை. அல்சூர்வாசி, அமெரிக்க மாடல் என்றீர்கள். அதை நம் பிளக்கில் சொருகாதீர்கள். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230-இல் புகைதான் வரும். "ஓடவில்லை" என்கிறீர்களே, பள்ளிக்கூடத்தில் யாராவது ஏற்கெனவே சொருகிப் பார்த்திருக்கலாம்.

மோட்டாரின் கம்பிச் சுற்று எரியாமல் இருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். அப்போதும் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, ஆகவே பழைய ஏசி மோட்டார் பலவும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும். அது குறை இல்லை, உங்களுக்கு மெதுவான சுழற்சிதான் பிடிக்கும் பாருங்கள். ஹாம்ப்டன் தகடுகளை நொடிக்குப் பத்துச் சுற்று விட்டார் என்றும் மில்ட் ஜாக்சன் மூன்று சொச்சம் விட்டார் என்றும் எழுதுவார்கள், ஜாக்சன் வாசிப்பின் அந்தச் சோம்பலான அலைக்குக் காரணம் அதுதான்.

எரிந்திருந்தால் எஸ்.பி. ரோட்டு மின்சாமான் கடைகளில் 12 வோல்ட் டிசி மோட்டாரும் வேகம் குறைக்கிற போர்டும் வாங்கி மாட்டிவிடலாம். கியர் வைத்த மோட்டார் வாங்காதீர்கள், கரகரவென்று மைக்கில் பிடிக்கும். பழைய ரப்பர் பெல்ட் இறுகி விரிசல் விட்டிருக்கும், தையல் மிஷின் மோட்டார் பெல்ட் பல மாடல்களுக்குப் பொருந்துகிறது, பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். பெடல் முனகலுக்கு மூட்டில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். ஃபெல்ட்டில் எண்ணெய் படாமல்!

அல்சூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. தகட்டில் 115 என்றுதான் போட்டிருக்கிறது, சொருகவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். சில பட்டைகள், குறிப்பாக மேல் வரிசையில், எங்கே தட்டினாலும் சொத்தையாகக் கேட்கின்றன. பட்டை கெட்டுவிட்டதா? அப்புறம், பெடலை எடுத்த பிறகும் நடுவில் நாலைந்து பட்டை நிற்காமல் ஒலிக்கிறது.

நாலுகோல்

பட்டை கெடுவது அபூர்வம். பட்டைகளைக் கோத்திருக்கும் கயிறு தளர்ந்திருக்கும், அல்லது பட்டை பக்கத்துத் தாங்கியில் முட்டிக்கொண்டிருக்கும். ஒரு சோதனை செய்யுங்கள், பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும். சந்தேகமான பட்டையின் மேல் பொடி உப்பை மெல்லியதாகத் தூவி, பெடலை மிதித்துக்கொண்டு நடுவில் மெதுவாகத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். உப்பு துள்ளித் துள்ளி நகர்ந்து இரண்டு கோடாக ஒதுங்கும், இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீத தூரத்தில். அந்த இரண்டு இடத்தில் பட்டை அசைவதே இல்லை, அதனால்தான் கயிற்றுத் துளையை அங்கே போட்டிருக்கிறார்கள். கயிறுக்கு நேர் மேலே தட்டினால் எந்தப் பட்டையும் சொத்தையாகத்தான் கேட்கும். நடுவில், அல்லது நடுவுக்குச் சற்றுத் தள்ளித் தட்டுங்கள். மேல் வரிசைக்கு அவசரத்தில் எட்டும்போது விளிம்பு நுனியில் தட்டலாம், கயிற்றை மட்டும் தவிருங்கள். சோதனை முடிந்ததும் உப்பை நன்றாகத் துடைத்துவிடுங்கள், அலுமினியத்துக்கு ஆகாது.

நடுவில் நிற்காத பட்டைகளுக்கு: ஃபெல்ட் அங்கே தேய்ந்து பள்ளமாகியிருக்கும். மாற்றும்வரை அதற்கடியில் மெல்லிய அட்டைத் துண்டு செருகி உயர்த்துங்கள். டாம்பர் கட்டை இரண்டு முனையிலும் சமமாக ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

ஜலதரங்கம்

குறுக்கே ஒரு கேள்வி. இதில் கமகம் வருமா? வராது என்றால் நம் ஆளுக்கு எதற்கு இந்த வாத்தியம்?

பிரம்புக்கோல்

ஜாஸ் வாசிக்க, ஜலதரங்கம். பியானோவிலும்தான் கமகம் வராது.

ஒரு வித்தை மட்டும் உண்டு. தலை கடினமான ரப்பர் கோல் ஒன்றைக் கயிற்று இடத்தில் வைத்து அழுத்துங்கள், இன்னொரு கோலால் பட்டையின் நடுவில் தட்டுங்கள், தட்டியதும் அழுத்திய கோலை நடுவை நோக்கி இழுங்கள். சுரம் கீழே வழுக்கும், அதிகம் போனால் அரைச் சுரம். பட்டையின் சொந்தச் சுருதிக்கு மேலே மட்டும் போகவே போகாது. ப்ளூஸில் ஒரு இடத்தில் வைத்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஐந்து இடத்தில் வைத்தால் எழுந்து போய்விடுவார். தோடி ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

சுருதி பற்றிப் பேசும்போது இன்னொன்று. வைப்ரஃபோன்கள் பலவும் ஏ 442-க்கு (ஏ சுரம் நொடிக்கு 442 அதிர்வு) செய்யப்பட்டவை, வீட்டுக் கீபோர்டு 440. இரண்டையும் சேர்த்து ஏ-யைப் பிடித்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி அலையும். பட்டையைத் திருக முடியாது, கீபோர்டு அமைப்பில் போய் 442 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அல்சூர்வாசி

அதனால்தான் யூட்யூப் டிராக்கோடு வாசிக்கும்போது ஏதோ இடறுகிறதா! சரி. கடைசியாக, கோல் எது வாங்குவது? மாடியில் குடியிருக்கிறேன், கீழ்வீட்டு மாமி ஏற்கெனவே "என்னப்பா, ஐஸ்காரன் வந்துட்டானா" என்று கேட்டுவிட்டார்.

நாலுகோல்

பிரம்புக் காம்பு, மேலே நூல்கயிறு சுற்றிய நடுத்தரக் கடினம், நாலும் ஒரே ஜோடியாக. மரிம்பாவுக்கென்று விற்கும் கம்பளி நூல் கோல் பஞ்சுபோல இருக்கும், உலோகத்தில் தட்டின் முனை கேட்காது. ஆனால் மாமிக்காக ஒரு ஜோடி அதுவும் வைத்துக்கொள்ளுங்கள், இரவுப் பயிற்சிக்கு. நூல் பிய்ந்தால் தூக்கிப் போடாதீர்கள், சிக்பேட்டையில் பருத்தி நூல்கண்டு வாங்கி நீங்களே சுற்றலாம். இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும், நாலிலும் ஒரே எண்ணிக்கைச் சுற்று.

ஃப்ரேசர்டவுன் பியானோ

பெடலைத் தொடாமல் வாசித்தாலே பாதிச் சத்தம் குறையும். கார்டு மாற்றங்களை அப்படிப் பழகலாம், டாம்பிங்கை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, ஞாயிறு மதியம் என் வீட்டில் பியானோ சும்மாதான் இருக்கும், அல்சூரிலிருந்து பக்கம். வாத்தியத்தைத் தூக்கி வர வேண்டாம், அந்தப் பையன் வீடு அடுத்த தெருதான், அவனுடையது இருக்கிறது. எஃப் ப்ளூஸ் மட்டும் பாடிப் பழகிக்கொண்டு வாருங்கள். பிரம்புக்கோல், நாலுகோல் இருவரும் வரலாம், ஒரே நாளில் வேண்டாம்.

எஸ்பிரோடுவாசி

மேடம், பேஸ்காரர் வேண்டுமா? என்னிடம் கிட்டார் இருக்கிறது, நாலு கம்பி மட்டும் வாசிப்பேன். சில்க் போர்டு தாண்ட வேண்டியதில்லை.